நாலாவது சனிக்கிழமை

தொண்டை டாக்டர் என்னை வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். நாக்கைப் பிடித்து இழுத்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு, கேள்விகளை எல்லாம் என் அம்மாவிடம் கேட்டார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்வராயன் மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு நான் டீச்சர். ஆனால் என் தொண்டை எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியாதாம். அதை அம்மாதான் சொல்ல வேண்டுமாம்.

கடைசியாக, "மாசா மாசம் சரியா வருதா?" என்று கேட்டார்.

"டாண்ணு வந்துடுங்க. இருவத்தெட்டு நாளுக்கு ஒருக்கா," என்றாள் அம்மா.

அவர் சீட்டில் அதை எழுதிக்கொண்டார். எனக்கு நின்று போய் நாலு மாதம் ஆகியிருந்தது. நான் பக்கத்து ஸ்டூலில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இது நடந்தது எண்பத்தேழாம் வருஷம் மே மாதம், கள்ளக்குறிச்சியில். கேள்வியைப் படிக்காமல் பதில் எழுதும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வருஷம் பூராவும் என்னைச் சுற்றி இருந்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். என்னையும் சேர்த்துத்தான். மற்றவர்களை மன்னித்துவிட்டேன். என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் ஊர் வடக்கனந்தல். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு காணி நிலத்தையும் என்னையும் தம்பி தனசேகரனையும் அம்மாதான் கட்டி மேய்த்தாள். அம்மா பெயர் பாப்பாத்தி. சனிக்கிழமை மதியம் மலையிலிருந்து பஸ் இறங்கி வருவேன், திங்கட்கிழமை விடிந்ததும் ஏறிப்போவேன். தை மாதம் களமருதூர் மாப்பிள்ளைக்கு என்னைப் பேசி முடித்தார்கள். ஆவணியில் கல்யாணம் என்று வைத்துக்கொண்டார்கள். அதே தை மாதத்தோடு எனக்கு நின்றுபோனது.

எங்கள் தெருவில் மாதவிலக்காகித் தூரமான பெண் வீட்டுக்குள் வரக் கூடாது. மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு இருக்கும். அங்கே பாய், தட்டு, சொம்பு எல்லாம் தனியாக வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார வேண்டும். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். யார் எப்போது உட்கார்ந்தாள், யார் உட்காரவில்லை என்று தெரு முழுக்கத் தெரியும். அதில் ஒரு ரகசியமும் கிடையாது. புருஷனோடு இருக்கிற பெண் இரண்டு மாதம் உட்காராவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். கல்யாணம் ஆகாதவள், அதுவும் மலையில் தனியாக அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறவள், உட்காராவிட்டால் என்ன பேசுவார்கள் என்று நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

மாசியில் அம்மா கேட்டாள்.

"மலையில யாராச்சும் உன்னாண்ட தப்பா நடந்துக்கினாங்களாடி?"

"இல்லம்மா."

"என் தலமேல அடிச்சி சொல்லு."

அடித்துச் சொன்னேன். அம்மா நம்பினாள். அதற்கு அப்புறம் எனக்கு என்ன ஆயிற்று என்று யோசித்தாளா என்றால், இல்லை. தெருவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள். "இந்த சனிக்கெழம வந்ததும் நேரா சாய்ப்புக்கு போயி உக்காரு. மலையிலியே ஆயிட்டன்னு சொல்லிடலாம். ஞாயித்துக்கெழம சாயங்காலம் தலைக்கு ஊத்திக்கோ," என்றாள்.

அதிலிருந்து நாலாவது சனிக்கிழமை தோறும் நான் தூரமானேன். என் உடம்புக்கு யாரோ கால அட்டவணை போட்டு ஒட்டியது மாதிரி, ஒரு தடவைகூடத் தவறியதில்லை. தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு, பையில் இருந்த நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டு, மாடுகளுக்குப் பக்கத்தில் பொய்யாக உட்கார்ந்திருப்பேன். அம்மா சோற்றை எட்ட நின்று தட்டில் போடுவாள், என் மேல் விரல் பட்டுவிடாமல். பொய்த் தீட்டுக்கு அவ்வளவு ஆசாரம். எனக்குச் சிரிப்பும் வரும், எழுந்துபோய் அந்தத் தட்டைக் கிணற்றில் வீசலாம் என்று ஆத்திரமும் வரும். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியநாயகி அத்தை எருமுட்டை தட்டிக்கொண்டிருப்பார். "இன்னாம்மா டீச்சரு, ஆயிட்டியா?" என்று கேட்பார். "ஆமா அத்தை" என்பேன்.

பங்குனியில் முகமெல்லாம் பரு வந்தது. சித்திரையில் குரல் கட்டியது. முதலில் சளி என்று நினைத்தேன். சளி போனது, குரல் மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போனது. மலையில் பிள்ளைகளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. முன்பெல்லாம் நான் மூன்று தடவை கத்தினால்தான் அடங்குவார்கள், இப்போது ஒரு தடவை போதும். மோவாயில் கருப்பாக நாலு முடி வந்தது. பிடுங்கினேன். நாற்பது வந்தது. மார்பு வற்றியது. நெற்றியின் இரண்டு பக்கமும் முடி ஏறிக்கொண்டு போனது. இன்னும் சில மாறுதல்கள் இருந்தன. அவற்றை எந்த டாக்டரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தொண்டை டாக்டர் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். பிள்ளைகளிடம் கத்தாதே என்றார். ஜூனில் தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். அவரும் மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார், அம்மாவும் டாண்ணு வருது என்றாள். ஜூலையில் இன்னொருவரிடம் போனோம். அவர் கழுத்துச் சுரப்பிக் கோளாறாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு ஊசி, மாத்திரை எல்லாம் எழுதினார். "இதுலாம் ஒழுங்கா வந்துக்கினு இருக்கறதால பயப்படத் தேவையில்லம்மா" என்று எனக்குத் தைரியம் வேறு சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தப்பான எண்ணைக் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கும் கணக்குத் தப்பாகத்தான் வரும்.

கோபம் என் மேல்தான். ஏன் வாயைத் திறக்கவில்லை? டாக்டரும் மனிதர்தான், அவருக்கும் களமருதூரில் சொந்தக்காரர்கள் இருக்கலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. நான் கொஞ்சம் கொஞ்சமாக ஆம்பிளையாகிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. அதை யாராவது டாக்டர் உறுதியாகச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். பொய் சொன்னால் அது நடக்காது என்று நினைத்தேன். டீச்சர் வேலை பார்த்தவளுக்கு அவ்வளவுதான் புத்தி.

ஆவணிக் கல்யாணத்தை, அம்மா ஏதோ சாக்குச் சொல்லி, தைக்குத் தள்ளிவைத்தாள்.

ஆகஸ்டு கடைசியில் பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பௌசியா என்று ஒரு டாக்டர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். எங்கள் மூன்று பழைய சீட்டுகளையும் படித்தார். என் மோவாயைப் பார்த்தார். அம்மாவிடம், "இந்தச் சீட்டுக்கு மூணாம் நம்பர் ஜன்னல்ல சீல் வெச்சிட்டு வாங்கம்மா," என்றார். அந்த ஜன்னலில் பெரிய கூட்டம் நிற்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அம்மா போனதும் கதவைச் சாத்தினார்.

"கடைசியா எப்ப வந்துச்சு?"

என்னை யாராவது கேட்டது அதுதான் முதல் தடவை. "பொங்கலுக்கு முன்னாடிங்க," என்றேன்.

அவர் பேனாவை மேஜை மேல் போட்டார். மூன்று சீட்டுகளையும் எடுத்து என் முன்னால் விசிறினார். "இதுல எல்லாத்துலயும் ரெகுலர்னு எழுதியிருக்கே. யார் சொன்னது?"

சொன்னேன். சாய்ப்பு, சனிக்கிழமை எல்லாம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "மே மாசமே இதைச் சொல்லியிருந்தா மே மாசமே கண்டுபிடிச்சிருப்பாங்கம்மா," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தத்தை மெட்ராசுக்கு அனுப்பினார்கள். இடது பக்கத்துச் சினைப்பையில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு கட்டி. ரொம்ப அபூர்வமாக வருகிற கட்டியாம், அதுவும் பெரும்பாலும் சின்ன வயசுப் பெண்களுக்கே வருமாம். அது சும்மா இருக்காது, ஆண்களுக்குச் சுரக்கிற ஹார்மோனைச் சுரந்து கொட்டும் என்று டாக்டர் பௌசியா படம் போட்டுக் காட்டினார். "நீ பொண்ணுதான். எப்பவும் பொண்ணுதான். உள்ள ஒரு கட்டி உக்காந்துக்கிட்டு உன் ரத்தத்துக்குத் தப்பா உத்தரவு போடுது. அதை எடுத்துட்டா நின்னுடும். குரல் மட்டும் முழுசா திரும்பாது," என்றார். நான் அங்கேயே அழுதேன். ஏழு மாதத்தில் எவரும் சொல்லாத வார்த்தை அது, பொண்ணுதான் என்பது.

"சீக்கிரம் எடுக்கணும். சில சமயம் இது பரவுற ஜாதியா இருக்கும். வெடிச்சிட்டா கஷ்டம். செப்டம்பர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்துடு. கட்டில் எழுதிட்டேன். வரலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

செப்டம்பர் பதினேழாம் தேதி சாலை மறியல் தொடங்கியது. எங்கள் சாதிச் சங்கம் தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரத்துக்கு அறிவித்த மறியல். தென்னார்க்காடு முழுக்க ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டார்கள். முதல் நாள் எங்கள் தம்பியும் கோடாலி எடுத்துக்கொண்டு போய் ஒரு புளியமரத்தைச் சாய்த்துவிட்டு, கையெல்லாம் கொப்புளத்தோடு வந்தான். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தவன். அவன் கேட்டது நியாயம். எனக்கு அந்தக் கட்டில் வேண்டும் என்பதும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் இருந்தது ஒரே ரோடு.

வெள்ளிக்கிழமை காலையில் சினேகிதனுடைய டி.வி.எஸ். வண்டியை வாங்கிக்கொண்டு வந்து, "ஏறு அக்கா, நோயாளின்னா வுட்டுடுவாங்க," என்றான். அம்மா என் முகத்தை முந்தானையால் கண் மட்டும் தெரிகிற மாதிரி சுற்றிவிட்டாள். "இன்னா நோவுன்னு மட்டும் சொல்லிடாதடா," என்று தம்பியிடம் சொன்னாள்.

தியாகதுருகத்துக்கு முன்னாலேயே மரம் கிடந்தது. இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். தம்பிக்கு அங்கே யாரையும் தெரியாது.

"எங்க போறீங்கோ?"

"அக்காவுக்கு ஒடம்பு சரியில்லங்கண்ணா. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு."

"இன்னா ஒடம்புக்கு?"

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். "காய்ச்சலுங்க," என்றான்.

"காய்ச்சலுக்கு இன்னாத்துக்குப்பா பாண்டிச்சேரி? கள்ளக்குறிச்சியிலியே ஆஸ்பத்திரி கீதே. திரும்பிப் போ."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "காய்ச்சல் இல்லண்ணா. ஆபரேஷனுக்குப் போறோம்," என்றேன்.

என் குரலைக் கேட்டதும் சுற்றி நின்றவர்கள் கிட்டே வந்துவிட்டார்கள். "யார்ரா இது, ஆம்பள கொரலா கீது," என்றான் ஒருவன். "போலீசுக்காரன்டா. பொடவ கட்டிக்கினு வேவு பாக்க வந்து கீறான்," என்றான் இன்னொருவன். தம்பியின் சட்டையைப் பிடித்தார்கள். அவன் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

நானே முந்தானையை எடுத்தேன். இரண்டு நாளாகப் பிடுங்காத தாடியோடு அவர்கள் முன்னால் நின்றேன். "நான் பொம்பளதான். மலையில டீச்சரு. எனக்கு சினைப்பையில கட்டி. அதால மாசம் வர்றது நின்னுபோச்சு, குரலு இப்டி ஆயிடுச்சு, தாடி மொளைக்குது. இன்னைக்கிப் போனாத்தான் கட்டில் கெடைக்கும்," என்றேன்.

வயதானவர் ஒருவர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "வண்டியத் தூக்குங்கடா," என்றார். நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். என்னைக் கையைப் பிடித்து ஏற்றி இறக்கிவிட்டார்கள். ஒருவன் தண்ணீர் கொடுத்தான். "பயப்படாத போம்மா, அடுத்த மரத்துலயும் இப்டியே சொல்லு, வுட்டுடுவாங்க," என்றார் அந்தப் பெரியவர்.

ஒரு மைல் போயிருப்போம். அடுத்த மரம் தூரத்தில் தெரிந்தது. தம்பி வண்டியை நிறுத்தினான். அவன் முதுகு குலுங்கியது.

"இன்னும் பாண்டிச்சேரி வரைக்கும் எத்தினி மரம் கெடக்குதோ. ஒவ்வொரு மரத்தாண்டயும் நீ இத சொல்லுவியா அக்கா?"

"சொல்லுவேன்."

"என்னால கேட்டுக்கினு நிக்க முடியாது."

"காதப் பொத்திக்கோடா. வண்டிய ஓட்டு."

அவன் ஓட்டவில்லை. வண்டியைத் திருப்பினான். நான் இறங்கி நடந்து போயிருக்கலாம். வண்டியை நானே பிடுங்கி ஓட்டியிருக்கலாம், எனக்கு ஓட்டத் தெரியாது என்பது வேறு விஷயம். பின்னால் உட்கார்ந்து அவன் முதுகில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டே வந்தேன். மரம் எங்களை விட்டுவிட்டது, நாங்கள்தான் திரும்பி வந்தோம். இதை நான் பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாம் மறியலைத்தான் திட்டினார்கள்.

கட்டில் போய்விட்டது. அடுத்த கட்டில் நவம்பர் இரண்டாம் வாரம் கிடைத்தது. அதற்குள் கோழிமுட்டை மாங்காய் ஆகியிருந்தது. இடது சினைப்பையோடும் குழாயோடும் எடுத்தார்கள். வெடிக்கவில்லை, பரவவும் இல்லை. "உனக்கு அதிர்ஷ்டம்," என்றார் டாக்டர் பௌசியா. "இதை நம்பி இன்னொரு தடவை பொய் சொல்லாதே. வலது பக்கம் நல்லா இருக்கு. ரெண்டு மாசத்துக்குள்ள உனக்குத் தானா வரும். வந்த தேதியைக் குறிச்சு எனக்குக் கடுதாசி போடு."

தெருவுக்கு அம்மா குடல்வால் ஆபரேஷன் என்று சொன்னாள். தையல் ஆறுகிற வரைக்கும் நான் மெடிக்கல் லீவில் வீட்டிலேயே இருந்தேன். அம்மா அப்போதும் விடவில்லை. நாலாவது சனிக்கிழமை வந்ததும் சாய்ப்பில் பாய் விரித்துவிட்டாள். தைக் கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவரைக்கும் பொறுத்துக்கோ என்றாள். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. உட்கார்ந்தேன்.

ஜனவரியில், பொங்கலுக்கு ஒரு வாரம் கழித்து, புதன்கிழமை காலையில் எனக்கு வந்தது. தொடை வழியாக இறங்குவதைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, வந்துடுச்சிம்மா. நெசமாவே வந்துடுச்சி."

அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்தாள். அழுதாள். நானும் அழுதேன். கொஞ்ச நேரம்தான். பிறகு அவள் முகம் மாறியது.

"போன சனிக்கெழமதானடி உக்காந்த," என்றாள்.

"அது பொய்யிம்மா."

"ஊருக்கு அது பொய்யின்னு தெரியுமா? நாலு நாளு கழிச்சி திரும்பவும் உக்காந்தா இன்னா சொல்லுவாங்க? கர்ப்பப்பையில கோளாறுன்னு களமருதூரு வரைக்கும் போயிடும். நீ உள்ளாரயே இரு. வழக்கம்போல இரு. இந்தா, சோத்த வடி."

எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. தூரமானவள் நிழல் பட்டால் ஊறுகாய் கெட்டுவிடும் என்று நிஜமாகவே நம்புகிறவள் அம்மா. பத்து மாதம் பொய்த் தீட்டுக்கு எட்ட நின்று சோறு போட்டவள். அவள் என்னை உதிரத்தோடு அடுப்பு முன்னால் இழுத்து உட்கார வைத்து, சாமி விளக்கு இருக்கிற அறையில் நடமாடச் சொன்னாள். சாமியை விடத் தெருவுக்குத்தான் அதிகம் பயப்படுகிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாவமாகவும் இருந்தது. ஆனால் என் பொறுமை தீர்ந்துபோயிருந்தது.

பாயை எடுத்தேன். தட்டை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள், உதறினேன். அந்த வழக்கம் எனக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை. இருந்தாலும் அன்றைக்கு நானாகப் போய்ச் சாய்ப்பில் உட்கார்ந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியநாயகி அத்தை பார்த்தார். கையில் சாணியோடு எழுந்து நின்றார்.

"இன்னாம்மா, நாலு நாளுதான ஆவுது?"

"அது பொய்யிங்க அத்தை. ஒரு வருசமா பொய். இன்னிக்கித்தான் நெசம்."

அவர் ஆச்சரியப்படவில்லை. வேலி ஓரமாக வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தெரியும்மா," என்றார்.

"இன்னா தெரியும்?"

"நீ மாசிலேர்ந்து சும்மா உக்காந்துக்கினு இருந்தது. ஒரு தபாவாச்சும் இந்த வேலியில உன் தீட்டுத் துணி காஞ்சிதா? பாய மட்டும் போட்டா போதுமா, துணி காய வேணாமா? உங்கம்மா அத மறந்துட்டா. இந்த வேலிய நாங்க நாலு வூட்டு பொம்பளைங்க பாத்துக்கினுதான கீறோம். தெருவுக்கே தெரியும்."

நான் எழுந்து நின்றேன். "அப்பறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"எப்டிம்மா கேக்குறது? உங்கம்மா அவ்ளோ பாடுபட்டு மறைக்கிறா. நாங்களும் தெரியாத மாதிரி இருந்துட்டோம். உங்க மானம் எங்க மானமில்லையா?"

அன்பாகத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தெருவில் ஒருவரும் ஏமாறவில்லை. அந்தப் பொய்யை நம்பியது மூன்று பேர்தான். மூன்று பேரும் டாக்டர்கள்.

அம்மா பின்வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"யார் யாருக்குத் தெரியும் பெரியநாயகி?" என்று கேட்டாள்.

"எல்லாத்துக்கும் தெரியும் பாப்பாத்தி."

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, உலுக்கவும் தோன்றியது. என் வயிற்றில் அரையடி நீளத்துக்குத் தையல் இருந்தது. ஒரு சினைப்பை இல்லை. இனி திரும்பி வராத ஒரு குரல் இருந்தது. அந்தக் குரலில் கத்தினேன்.

"யாருக்காகம்மா மறைச்சோம்? எனக்குக் கட்டி வந்ததும் தெரியல, நின்னுபோனதும் சொல்லல, நான் சாவறதுக்கு இருந்தேம்மா. யாருக்காக?"

கொட்டகையில் மாடு மிரண்டு எழுந்தது. தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. அம்மா அவசரமாக எழுந்து வந்தாள். தீட்டு என்றுகூடப் பார்க்காமல் என் வாயைக் கையால் பொத்தினாள்.

"மெதுவா பேசுடி," என்றாள். "யாருக்கானா கேட்டுடப் போவுது."